விண்ணிலிருந்து ஒலியாய் வந்த படங்கள்



படத்தைக் கண்ணால் பார்ப்போம். பாட்டைக் காதால் கேட்போம். இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒரு படம் முதலில் காதுக்கு வந்து, அதன் பிறகுதான் கண்ணுக்கு வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? "டிக்-டொக், டிக்-டொக்" என்று பழைய சுவர்க் கடிகாரம் அடிப்பது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளே மலாக்கா நீரிணையும், சுமத்ராவின் மலைத்தொடரும், அவற்றின் மேலே திரண்டு நிற்கும் மழைமேகமும் அடங்கியிருக்கின்றன என்றால், "சும்மா கதை விடாதீங்க சார்" என்றுதான் சொல்வீர்கள்.

கதையல்ல, உண்மை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல மூலைகளில் சாதாரண மனிதர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கம்பியை நட்டு வைத்துக்கொண்டு, விண்வெளியிலிருந்து இப்படிப் படம் வாங்கி வந்திருக்கிறார்கள். தபால்காரர், பள்ளி ஆசிரியர், தொழிற்சாலைத் தொழிலாளி, ஓய்வு பெற்ற கிழவர் என்று எல்லா வகையினரும் அவர்களில் உண்டு. அதற்காக யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அமெச்சூர் வானொலியாளர் என்று அவர்களுக்குப் பெயர். உலக வழக்கில் 'ஹாம்' என்பார்கள். அவர்களுடைய கதையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்த இயந்திரம்

1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள். சோவியத் ரஷ்யாவின் லூனா-9 என்னும் கலம் சந்திரனில் நொறுங்காமல் மெதுவாக இறங்கியது. மனிதன் செய்த ஒரு பொருள் வேறோர் உலகத்தில் பத்திரமாக இறங்கியது அதுவே முதல் தடவை. அங்கிருந்து அது பூமிக்குச் சமிக்ஞை அனுப்பத் தொடங்கியது. ரஷ்யர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது அவர்கள் மட்டும்தானா? அதுதான் இல்லை!

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே ஜோட்ரல் பேங்க் என்ற இடத்தில் 76 மீட்டர் விட்டமுள்ள மாபெரும் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. அன்று அதன் தலைவர் பெர்னார்டு லோவெல். அவருடைய ஆட்களும் லூனாவின் ஒலியைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தாயிற்று; அது என்ன ஒலி? கேட்டவர்களுக்கு அது எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது. பத்திரிகை அலுவலகங்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகப் படம் அனுப்புமே, அந்தப் 'பேக்சிமிலி' என்னும் படத்தந்திச் சத்தம்! உடனே டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் மான்செஸ்டர் அலுவலகத்துக்குத் தகவல் போயிற்று. அங்கிருந்து ஒரு படத்தந்தி இயந்திரம் வந்து இறங்கியது. வானிலிருந்து வந்த ஒலியை அதற்குள் செலுத்தினார்கள். காகிதத்தில் வரி வரியாகச் சந்திரனின் கல்லும் மண்ணும் எழுந்து வந்தன!

பிப்ரவரி 5-ஆம் நாள் காலையில் அந்தப் படம் லண்டன் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. கலத்தை அனுப்பிய சோவியத் அரசு அதுவரை தன் படத்தை வெளியிடவில்லை. அவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அந்தப் பத்திரிகைப் படத்தில் உயரமும் அகலமும் சரியான விகிதத்தில் இல்லை. சந்திரனின் உண்மையான தோற்றம் ரஷ்யர்களின் படத்தில்தான் சரியாகத் தெரிந்தது.

"லோவெல் பெரிய விஞ்ஞானியாச்சே, அவர் எப்படி அமெச்சூர் ஆவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் அமெச்சூர் அல்லர். ஆனால் அன்று அங்கே நடந்த வேலை இருக்கிறதே, இதற்கென்று செய்யாத ஒரு கருவியை இரவல் வாங்கி வந்து, காதின் ஞாபகத்தை நம்பி, "போட்டுத்தான் பார்ப்போமே" என்று துணிந்தது, அது அசல் ஹாம் புத்தி. இந்தத் துறையின் பாதிச் சரித்திரம் இப்படி இரவல் இயந்திரங்களின் சரித்திரம்தான்.

சரி, படம் எப்படி ஒலியாகிறது? ஒரு படத்தைப் பாய் நெசவு போல நினைத்துக்கொள்ளுங்கள். அதை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். வெளிச்சம் வந்தால் ஒலியை ஒரு மாதிரியாகவும் இருட்டு வந்தால் வேறு மாதிரியாகவும் மாற்ற வேண்டும். அந்த ஒலியை வானொலியில் அனுப்பி, கேட்கும் இடத்தில் திரும்ப வரி வரியாக அடுக்கினால் படம் வந்துவிடும். அவ்வளவுதான் இரகசியம்!

யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்

லூனாவின் படம் திருட்டுத்தனமாகக் கேட்டது. இனி நான் சொல்லப் போவது கொடுத்தவனே மனமுவந்து கொடுத்தது.

உலகின் முதல் வெற்றிகரமான வானிலைத் துணைக்கோள் டைரோஸ்-1. அமெரிக்கா அதை 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஏவியது. 78 நாள் உழைத்தது. அது எடுத்த படங்களை நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் ஓரிரு நிலையங்களுக்கு மேலே வரும்போது மட்டுமே இறக்கியது. ஆக, மேகம் பறப்பது நம் தலைக்கு மேலே. படம் போவது அமெரிக்காவுக்கு. அங்கே பார்த்து, வரைபடம் போட்டு, நமக்குத் தந்தியடிப்பதற்குள் புயல் கரையேறிப் போய்விடுமல்லவா?

இந்தக் குறையைப் போக்க வந்த ஏற்பாடுதான் ஏ.பி.டி. என்பது, 'தானாகப் படம் அனுப்பும் முறை' என்று தமிழில் சொல்லலாம். 1963 டிசம்பர் 21-ஆம் நாள் ஏவப்பட்ட டைரோஸ்-8 துணைக்கோளில் அதை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். 1966 பிப்ரவரி 28-இல் ஏவப்பட்ட எஸ்ஸா-2 அதை அன்றாட சேவையாக ஆக்கியது. துணைக்கோள் தனக்குக் கீழே உள்ள பூமியைப் படமெடுக்கும். எடுத்த கையோடு அப்படியே கீழே அனுப்பிவிடும். அப்போது கீழே யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, பூட்டு கிடையாது. எந்த நாட்டுக்காரன், எந்தக் கட்சிக்காரன் என்று துணைக்கோள் கேட்காது.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அது பனிப்போர்க் காலம். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவிக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட நேரத்தில் விண்வெளிப் படத்தை ஆகாயத்தில் இறைத்துவிட்டு, "வேண்டியவர் அள்ளிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வேண்டுமென்றே மலிவான முறையாகவும் அதை அமைத்தார்கள். படத்தை அவசரமாக அனுப்பினால் பெரிய அலைவாங்கி வேண்டும். ஆகவே ஆற அமர அனுப்பினார்கள். எஸ்ஸாவின் ஒரு படத்துக்கு 800 வரிகள். விநாடிக்கு 4 வரி வீதம் 200 விநாடிகள். ஒரு படத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல்! அந்த நிதானம்தான் ஏழைக்கு வசதியாயிற்று. ஏ.பி.டி.யில் எனக்குப் பெரிதாகத் தெரிவது மின்னியல் சாமர்த்தியம் அன்று. கதவைத் திறந்து வைத்த அந்த மனம்தான்.

திறந்த கதவு வழியாக முதலில் நுழைந்தவர்கள் யார்? நாடுகளின் வானிலை நிலையங்களோடு கூடவே ஹாம் நண்பர்களும் நுழைந்துவிட்டார்கள். 1965 நவம்பரிலேயே அமெரிக்க ஹாம்களின் இதழான கியூ.எஸ்.டி.யில், வீட்டிலிருந்தே வானிலைப் படம் பெறும் முறை கட்டுரையாக வந்துவிட்டது. 1968-இல் நாசாவே, குறைந்த செலவில் ஏ.பி.டி. நிலையம் கட்டுவது எப்படி என்று ஒரு நூல் வெளியிட்டது. அரசாங்கமே "வந்து கேளுங்கள், இப்படித்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லிக்கொடுத்த அழகைப் பாருங்கள்!

அன்றைக்கு வீட்டில் கணினி ஏது? பத்திரிகை அலுவலகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய படத்தந்தி இயந்திரங்களைத் தேடிப் பிடித்தார்கள். சிலர் உருளையொன்றில் புகைப்படத் தாளைச் சுற்றி, இருட்டறையில் அதைச் சுழலவிட்டு, சிறு விளக்கொன்றின் ஒளி ஏறி இறங்கும்படி செய்து படத்தைப் பதித்தார்கள். வேறு சிலர் ஆஸிலோஸ்கோப் திரையின் முன்னால் கேமராவை நிறுத்தி, அதன் கண்ணை மூன்று நிமிடம் திறந்தே வைத்திருந்தார்கள். உருளை சுற்றும் வேகம் இம்மியளவு பிசகினாலும் படம் சாய்ந்துவிடும். நேர்க்கோடாக இருக்க வேண்டிய ஓரம் பைசா கோபுரம் மாதிரி நிற்கும்! அதைச் சரிப்படுத்த எத்தனை இராத்திரி போயிருக்குமோ!

அலைவாங்கியும் இலேசுப்பட்டதல்ல. துணைக்கோள் துருவத்திலிருந்து துருவத்துக்குப் பூமியைச் சுற்றுகிறது. நம் தொடுவானத்தில் ஏறி மறைவதற்குள் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஆகவே ஒருவர் அலைவாங்கியைத் துணைக்கோளின் பின்னாலேயே கையால் திருப்பிக்கொண்டு வர, இன்னொருவர் உள்ளே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். மழைமேகத்தைப் படம் பிடிக்க மழையிலேயே நிற்பது ஒரு வேடிக்கைதான்!

ஒரு வேதனையான செய்தியையும் மறைக்கக்கூடாது. 1970 நவம்பர் 12-ஆம் நாள் இரவு வங்காள விரிகுடாவில் எழுந்த பெரும்புயல், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்காள தேசத்தின் போலா தீவையும் சுற்றுவட்டாரத்தையும் அழித்தது. மாண்டவர்கள் 3 இலட்சத்திலிருந்து 5 இலட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் புயலைத் துணைக்கோள் பார்க்காமல் இல்லை. ஐடோஸ்-1 என்னும் துணைக்கோள் எடுத்த படத்தில் அது பெரிய வெள்ளைச் சுருளாகத் தெரிகிறது. படம் இருந்தது, ஆனால் கடலோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்குத் தக்க நேரத்தில் தெளிவான எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வானத்திலிருந்து பூமிக்கு வந்த சேதி பூமியிலேயே சில மைல் தூரம் போகாமல் நின்றுவிட்டது.

ஒரு பள்ளிக்கூடம்

இந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இது படக் கதையன்று, வெறும் ஒலிக் கதைதான். ஆனாலும் பள்ளி மலரில் எழுதும்போது விட்டுவிட முடியுமா?

இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு பள்ளி. அங்கே ஜெஃப்ரி பெர்ரி என்பவர் பௌதிக ஆசிரியர். அவரோடு வேலை பார்த்த இரசாயன ஆசிரியர் டெரிக் ஸ்லேட்டர் ஒரு ஹாம். இருவரும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சோவியத் துணைக்கோள்களின் சமிக்ஞையை வானொலியில் கேட்டு, நேரம் குறித்து வந்தார்கள். பெரிய தொலைநோக்கியெல்லாம் கிடையாது. வானொலிப்பெட்டி, கடிகாரம், குறிப்பேடு, கணக்கு, இவ்வளவுதான். 1966-இல் ஏவப்பட்ட சில காஸ்மோஸ் துணைக்கோள்களின் பாதை வழக்கத்துக்கு மாறாக இருப்பதைப் பையன்கள் கணக்குப் போட்டுக் கண்டார்கள். அந்தப் பாதைகளைப் பின்னோக்கி வரைந்தால், அவை வழக்கமான ஏவுதளத்திலிருந்து புறப்படவில்லை. வடக்கே வேறோர் இடத்திலிருந்து புறப்பட்டிருக்கின்றன! ரஷ்யர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தின் இரகசியம் இப்படித்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் வழியாக 1966-இல் உலகத்துக்குத் தெரிந்தது. சோவியத் அரசு அதை வாய் திறந்து ஒப்புக்கொள்ள 1983 வரை ஆயிற்று.

மேலே போன ஹாம்கள்

இதுவரை மேலே இருப்பது இயந்திரம், கீழே இருப்பது ஹாம். மேலேயும் ஒரு ஹாம் போய் உட்கார்ந்தால்?

அதற்கு முன்னால் ஓர் இளைஞரை நினைவுகூர வேண்டும். காப்தோர்ன் மெக்டொனால்டு என்பவர் 1957-58-இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். தொலைக்காட்சிப் படம் அனுப்ப அகலமான அலைப்பட்டை வேண்டும். ஹாம்களுக்கு இருப்பதோ பேச்சொலி மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான பாதை. "பேச்சு போகிற வழியிலேயே படமும் போனால் என்ன?" என்று யோசித்து அவர் செய்ததுதான் மெதுவோட்டத் தொலைக்காட்சி, எஸ்.எஸ்.டி.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 120 வரிகள் கொண்ட படம்; 8 விநாடிக்கு ஒன்று. கறுப்பென்றால் 1500 ஹெர்ட்ஸ் ஒலி, வெள்ளையென்றால் 2300 ஹெர்ட்ஸ், வரி தொடங்கும் அடையாளத்துக்கு 1200 ஹெர்ட்ஸ். கேட்டால் ஏதோ பறவை விடாமல் சீட்டியடிப்பது போல இருக்கும். 1958-இல் அவர் கியூ.எஸ்.டி. இதழில் இதை எழுதி வெளியிட்டார்.

1983 நவம்பர் 28-ஆம் நாள் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிய ஓவன் காரியட், விண்வெளியிலிருந்து ஹாம் வானொலியில் பேசிய முதல் மனிதரானார். ஜோர்டான் மன்னர் ஹுசேனும் ஒரு ஹாம். அவரோடும் காரியட் பேசினார். மன்னரென்ன, தபால்காரரென்ன, அலைவரிசையில் எல்லாருக்கும் ஓர் அழைப்புக்குறிதான்! ஆனால் அந்தப் பயணத்தில் போனது குரல் மட்டுமே.

படம் போனது 1985-இல். அந்தப் பயணம் தொடக்கத்திலேயே வயிற்றில் புளியைக் கரைத்த பயணம். ஜூலை 29-ஆம் நாள் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு ஆறு நிமிடம் ஆவதற்குள் அதன் மூன்று இயந்திரங்களில் நடு இயந்திரம் நின்றுபோயிற்று. மீதி இரண்டைக் கொண்டு, நினைத்த உயரத்துக்கும் குறைந்த பாதையில் எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். அதில் இருந்தவர் டோனி இங்கிலாந்து. ஊர்ப்பெயர் போல இருந்தாலும் அது அவருடைய குடும்பப் பெயர், ஆள் அமெரிக்கர். சிறு வயது முதலே வானொலிப் பித்து உள்ளவர். அவர் கையோடு எஸ்.எஸ்.டி.வி. கருவி கொண்டு போயிருந்தார். விண்கலத்தின் உள்ளிருந்து அவர் அனுப்பிய படங்களை, பூமியில் தங்கள் வீட்டு அறைகளில் உட்கார்ந்திருந்த ஹாம்கள் வரி வரியாகக் கண்டார்கள். கீழிருந்து மேலேயும் படம் போயிற்று. விண்வெளியில் இருப்பவனுக்குப் பூமியிலிருந்து அமெச்சூர் அலையில் படம் அனுப்பலாம் என்பதும் அன்றே நிரூபணமாயிற்று.

ஆறு மாதம் கழித்து, 1986 ஜனவரி 28-ஆம் நாள், அதே சேலஞ்சர் புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறி, ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை.

பிறகு ரஷ்யாவின் மிர் நிலையத்திலும் 1998 இறுதியில் எஸ்.எஸ்.டி.வி. கருவி வந்தது. இன்று பூமியைச் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் படங்கள் அனுப்பியவர் யார் தெரியுமா? ரிச்சர்டு காரியட், அதாவது முதலில் பேசிய ஓவன் காரியட்டின் மகன். அப்பன் குரல் அனுப்பினார், மகன் படம் அனுப்பினார்! 2006 பிப்ரவரியில் நடந்த கூத்தும் உண்டு. பழைய ரஷ்ய விண்வெளி உடுப்பொன்றுக்குள் வானொலியை வைத்துக் கட்டி, ஆளில்லாமல் வெளியே தள்ளிவிட்டார்கள். அது ஒரு துணைக்கோளாகப் பூமியைச் சுற்றியபடி பல மொழிகளில் வாழ்த்தும் ஒரு படமும் அனுப்பியது. பாவம், அதன் குரல் மிகவும் பலவீனம். நல்ல அலைவாங்கி வைத்திருந்தவர்களுக்கே கொஞ்சம் கேட்டது.

நம் நாட்டு மைனா

"எல்லாம் வெள்ளைக்காரன் கதையாக இருக்கிறதே, நம் பக்கம் ஒன்றுமில்லையா?" என்று கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் கஸாக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து மலேசியாவின் முதல் நுண்துணைக்கோளான தியோங்சாட்-1 ஏறியது. தியோங் என்றால் மலாய் மொழியில் மைனா. எடை ஏறக்குறைய 50 கிலோ. நம் வீட்டு அரிசி மூட்டை மாதிரி இரண்டு! இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நம் பொறியியலாளர்கள் உருவாக்கியது. பூமியைப் படமெடுக்கும் கேமராக்களும், அமெச்சூர் அலைப்பட்டையில் பேசும் கருவியும் அதில் இருந்தன. ஆகவே உலக ஹாம்கள் தங்கள் துணைக்கோள் வரிசையில் அதையும் சேர்த்து, 'மலேசியன் ஆஸ்கார் 46' என்று எண் கொடுத்தார்கள். மீசாட்டைத் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்குத் தியோங்சாட்டைத் தெரியவில்லை. மீசாட் வீட்டுக்குள் படம் காட்டுகிறது; மைனாவை நாம்தான் வெளியே போய்த் தேடிக் கேட்க வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ!

சந்திரனுக்கு அப்பாலிருந்து

இனி நான் சொல்லப்போவது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நெதர்லாந்தில் ட்விங்கலூ என்ற இடத்தில் 1956-இல் திறக்கப்பட்ட 25 மீட்டர் வானொலித் தொலைநோக்கி ஒன்று உண்டு. புதிதில் பெரிய புகழோடு இருந்தது. காலம் மாறிற்று, விஞ்ஞானிகளுக்கு அதைவிடப் பெரிய கருவிகள் வந்தன, அதைக் கைவிட்டார்கள். துருப்பிடித்துக் கிடந்ததை ஹாம்களும் ஆர்வலர்களும் கூலி வாங்காமல் பழுது பார்த்து உயிர் கொடுத்தார்கள்.

2018 மே மாதத்தில் சீனா சந்திரனை நோக்கி ஒரு ராக்கெட்டை ஏவியது. அதில் லோங்ஜியாங்-2 என்ற சின்னஞ்சிறு கலமும் போயிற்று. அதன் வானொலியையும் ஒரு குட்டிக் கேமராவையும் அமைத்தவர்கள் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள். அது அமெச்சூர் அலைப்பட்டையில் பேசியது. 2019 பிப்ரவரி தொடக்கத்தில், ஜெர்மனியில் உள்ள ஓர் ஹாம் தன் வீட்டு நிலையத்திலிருந்து கட்டளை அனுப்பினார். சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த சீனக் கலம் படமெடுத்தது. நெதர்லாந்தின் பழைய தொலைநோக்கி அதை வாங்கிக்கொண்டது. ஒரு படம் வந்துசேர ஏறக்குறைய 20 நிமிடம். படத்தில் என்ன? முன்னால் பெரிதாகச் சந்திரனின் மறுபக்கம். நாம் பூமியிலிருந்து ஒருபோதும் காண முடியாத முகம். அதன் ஓரத்தில், ஒரு கோலிக்குண்டு அளவில், முழுமையாக நம் பூமி!

அந்த மறுபக்கத்தை மனித இனம் முதன்முதலில் படத்தில் கண்டது 1959 அக்டோபரில், சோவியத்தின் லூனா-3 வழியாக. அதற்கு ஒரு வல்லரசே வேண்டியிருந்தது. அறுபது ஆண்டு கழித்து மாணவர்கள் செய்த கேமராவும், ஒரு வீட்டு நிலையமும், கைவிடப்பட்ட தொலைநோக்கியும் போதுமானதாயிற்று. 2019 ஜூலை 2-ஆம் நாள் தென் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நடந்தபோது, பூமியின் மேல் விழுந்த சந்திரனின் நிழலையும் அதே கலம் கறுப்புப் பொட்டாகப் படமெடுத்து அனுப்பியது. ஜூலை 31-ஆம் நாள், முன்பே திட்டமிட்டபடி, சந்திரனில் மோதி முடிந்தது.

நின்றுபோன டிக்-டொக்

மறுபடியும் ஏ.பி.டி.க்கு வருவோம். எஸ்ஸாவுக்குப் பிறகு நோவா என்ற பெயரில் அமெரிக்க வானிலைத் துணைக்கோள்கள் வரிசையாக வந்தன. முறை நயமடைந்தது, விநாடிக்கு 2 வரி, ஒரே வரியில் இரண்டு படம் பக்கம் பக்கமாக. பகலில் ஒன்று வெளிச்சத்தில் எடுத்தது, மற்றொன்று வெப்பத்தைக் கொண்டு எடுத்தது. நான் முதலில் சொன்ன டிக்-டொக் ஓசை அந்த வரிகள் மாறும் ஓசைதான். விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வந்து நம் கூரையைப் பிய்க்கப் பார்க்குமே 'சுமத்ரா' காற்றுமழை, அதன் மேகவரிசை இந்தப் படங்களில் வில் போல வளைந்து தெரியும்.

இந்த வரிசையில் நோவா-19-க்கு ஏற்பட்டதைக் கேட்டால் சிரிப்பும் வரும், பயமும் வரும். 2003 செப்டம்பர் 6-ஆம் நாள், கலிபோர்னியாவில் அதைக் கட்டிக்கொண்டிருந்த லாக்ஹீட் மார்ட்டின் தொழிற்சாலையில், அதைப் படுக்கவைக்கத் திருப்பியபோது தடாலென்று தரையில் விழுந்தது! அடித்தட்டைப் பிடித்திருக்க வேண்டிய 24 திருகாணிகளை வேறொரு குழு கழற்றியிருந்தது, அதை யாரும் குறித்து வைக்கவில்லை, திருப்பியவர்களும் சரிபார்க்கவில்லை. பழுதுபார்க்கச் செலவு 13 கோடி 50 இலட்சம் டாலர். விழுந்த பிள்ளை எழுந்து 2009 பிப்ரவரி 6-இல் விண்ணுக்குப் போய், இரண்டே ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டது, பதினாறு ஆண்டு உழைத்தது.

2012-இல் ஒரு புதுமை நடந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று மலிவு விலையில் விற்ற, கட்டைவிரல் அளவுள்ள ஒரு செருகி, பல அலைவரிசைகளைக் கேட்கும் வானொலியாக மாறும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மறுபடியும் பாருங்கள், வேறு வேலைக்குச் செய்த கருவி! அதற்கு உருளையும் இருட்டறையும் தேவைப்படவில்லை. 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை 120 பாகை விரித்து வைத்தால் அலைவாங்கி தயார். பள்ளிப் பிள்ளைகள் நோவா-15, 18, 19 மூன்றையும் பிடித்துப் படம் பார்த்தார்கள்.

பழையன கழிய வேண்டுமல்லவா? 2025 ஜூன் 6-இல் நோவா-18-ஐ நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 13-இல் நோவா-19. ஆகஸ்ட் 19-இல் நோவா-15. அது 1998-இல் ஏவப்பட்டு 27 ஆண்டு சுற்றியது. அதோடு 1963-இல் தொடங்கிய ஏ.பி.டி. முடிந்தது. புதிய துணைக்கோள்களின் படம் எத்தனையோ மடங்கு துல்லியமானது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் நேரடி ஒலிபரப்பைப் பிடிக்கப் பெரிய தட்டு அலைவாங்கியும் அதைத் திருப்பும் பொறியும் வேண்டியிருக்கிறது. இரண்டு கம்பியை வைத்துக்கொண்டு காதால் மேகத்தைக் கேட்ட காலம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்தான்.

ரஷ்யா 2023 ஜூனிலும் 2024 பிப்ரவரியிலும் ஏவிய இரண்டு மெட்டியோர் துணைக்கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், அதே கம்பிக்கு எட்டும்படி, ஆனால் எண்முறையில் படம் அனுப்பின. கேட்டால் டிக்-டொக் இல்லை, வெறும் இரைச்சல். கணினிக்குத்தான் அது புரியும்.

காதால் கேட்கும்படியான படம் வேண்டுமென்றால் அனைத்துலக விண்வெளி நிலையத்தை விட்டால் வேறு எளிய வழியில்லை. ஆண்டில் சில தடவை, முன்கூட்டி அறிவித்துவிட்டு, 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.டி.வி. படங்கள் அனுப்புவார்கள். ஹாமாக இருக்கும் மாமாவோ அண்ணனோ பக்கத்தில் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்களேன். அனுப்புவதற்குத்தான் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும், அவர் வாங்கியிருப்பார். அவருடைய வானொலியின் அருகே, படம் பிரிக்கும் செயலியுள்ள கைத்தொலைபேசியைப் பிடித்தாலே போதும். சீட்டியொலி கேட்கத் தொடங்கியதும் திரையின் உச்சியிலிருந்து வண்ணப்படம் வரி வரியாக இறங்கிவரும். ஒரு படத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அலைவாங்கியைச் சற்றுத் திருப்பினால் புள்ளியும் கோடுமாகக் குழம்பும், நேராக்கினால் தெளியும். நிலையம் பத்து நிமிடத்துக்குள் வானத்தைக் கடந்துவிடும். பாதிப் படத்தில் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டால் மீதி வெறும் மணல்மழைதான். அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.